வாசலுக்கு மேலே ஆறு பாவாடை

சவன்னகேட்,
புத்தாண்டுக்கு ஐந்து வாரம் முன்பு.

அன்பும் கண்டிப்பும் ஒருசேர நிறைந்த என் மூத்த அக்கா கேசோன் அவர்களுக்கு, தம்பி வன்தொங் கைகூப்பித் தலையை உங்கள் தோளுக்குக் கீழே தாழ்த்தி எழுதிக்கொள்வது. லுவாங் பிரபாங்கில் நீங்களும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சுகம்தான், என் வலது கணுக்கால் நீங்கலாக. இதைக் கைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த வீட்டில் நான் வாயைத் திறந்தால் எல்லோருக்கும் காது நீண்டுவிடுகிறது. முப்பத்திரண்டு வருடம் அஞ்சலகத்தில் ஊரார் கடிதத்துக்கு முத்திரை குத்தியவன், என் கஷ்டத்துக்கும் ஒரு முத்திரை குத்தி அனுப்புகிறேன்.

நம் வழக்கப்படி கடைசி மகள் தாலாவன் எங்களோடுதான் இருக்கிறாள். அவள் புருஷன் அனுசித் நம் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து எட்டு மாதமாகிறது. குறை சொல்ல முடியாத பையன். மருத்துவமனையில் நர்ஸ். என்னைக் கடந்து போகும்போது குனிந்துதான் போவான், நான் ஒட்டரிசிச் சோற்றின் கடைசி உருண்டையை விழுங்கும்வரை சாப்பாட்டை விட்டு எழுந்திருக்க மாட்டான். அவனிடம் இருக்கும் ஒரே வியாதி துணி துவைப்பது. தாலாவன் விடிந்தும் விடியாமலும் எல்லைப் பாலத்துச் சுங்க அலுவலகத்துக்கு ஓடுகிறாளே என்று, வந்த மாதமே ஒரு துவைக்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்து பின்வாசலில் வைத்தான். அதோடு பின்வாசல் வழி அடைபட்டது. பின்கட்டில் மாமரத்துப் பிசினும் குருவி எச்சமும் விழுகிறதென்று, புதிதாகக் கட்டிய மாடி முகப்பில், சரியாக முன்வாசலுக்கு மேலே, போன வாரம் கொடி கட்டினான். அதில் என்ன தொங்குகிறது தெரியுமா அக்கா? பாவாடை! என் மகளுடையது மூன்று, என் மனைவி சன்பெங்குடையது மூன்று.

பெண்பிள்ளை பாவாடைக்கு அடியில் ஆண்பிள்ளை நடந்தால் அவன் சக்தியெல்லாம் போய்விடும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான். ஏழு வயதில், கொடியில் கிடந்த உங்கள் வெள்ளிச் சரிகைக் கரை போட்ட பச்சைப் பாவாடைக்குக் கீழே ஓடியதற்கு நீங்கள் விட்ட அறை இன்னும் இந்தக் காதில் இருக்கிறது. பிறகு கத்தி பட்டாலும் வெட்டாமலிருக்க முதுகில் பச்சையும் குத்திக்கொண்டேன். அஞ்சலகத்தில் யாரும் என்னை வெட்ட வரவில்லை என்பது வேறு விஷயம். இத்தனை சக்தியோடும், பக்கத்து வீட்டுப் புன்தாவியிடம் பெத்தாங் ஆட்டத்தில் இரும்புக் குண்டு வீசி வீசிப் பதினோரு வருடமாகத் தோற்றுக்கொண்டிருக்கிறேன். அதுவும் போய்விட்டால் என் கதி என்ன?

பக்குவமாகத்தான் கேட்டேன். "மாப்ளே, அந்தக் கொடியை வேற எங்கயாவது மாத்திக் கட்டக் கூடாதா?"

"மாமா, துவைச்ச துணிதானே?"

"துவைச்சா பாவாடை சட்டையாயிடுமாய்யா?"

அதற்குள் அடுப்படியிலிருந்து சன்பெங் குரல் கொடுத்தாள். "அவர் சக்தி போச்சுன்னா போகட்டும் விடு தம்பி. இருந்தப்போ மட்டும் ஒரு தேங்காயாவது உரிச்சுக் குடுத்தாரா?"

முதல் நாள் துணி காயட்டும் என்று வெளி வாசலிலேயே வெயிலில் நின்றேன். "என்ன வன்தொங், உன்னையும் காயப்போட்டுட்டாங்களா?" என்று புன்தாவி வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டான். இரண்டாம் நாள் ஜன்னல் வழியாக ஏறினேன், பாதி உள்ளே பாதி வெளியே இருக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது, அனுசித்தான் வந்து பதமாக இழுத்துப்போட்டான். மூன்றாம் நாள் ஒரு யோசனை தோன்றியது. குடை பிடித்துக்கொண்டு போனால் பாவாடைக்கு அடியில் நடந்ததாக ஆகாது, குடைக்கு அடியில் நடந்ததாகத்தான் ஆகும், இல்லையா? அப்படித்தான் அக்கா போனேன். குடைக்கம்பி பாவாடையில் மாட்டியது, வெடுக்கென்று இழுத்தேன், ஈரத்தோடு அது அப்படியே வந்து என் தலையில் கழுத்துவரை கவிழ்ந்தது. அதுவும் யாருடையது? சன்பெங்குடையது! கண் தெரியாமல் நாலு அடி வைத்தேன், ஐந்தாவது அடி வாசலோரம் இருந்த ஊறல்மீன் ஜாடிக்குள் இறங்கியது. ஒரு வருடம் ஊறிய மீன். கணுக்கால் பிசகி, கால் ஜாடிக்குள்ளும் தலை பாவாடைக்குள்ளுமாக நான் அலறிக்கொண்டிருந்தபோது ஊர்த் தலைவர் திருவிழா அழைப்போடு உள்ளே வந்தார். பாவாடையைப் பார்த்து என்னைச் சன்பெங் என்று நினைத்து, "அக்கா, அண்ணன் இருக்காரா?" என்று கேட்டார்.

அனுசித் ஓடிவந்து ஜாடியை உடைத்து என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். எந்த வழியாக? மிச்சமிருந்த ஐந்து பாவாடைக்கும் கீழே! ஒன்று என் மூக்கை உரசியது. நாறும் காலைச் சோப்புப் போட்டுக் கழுவி, கட்டுப் போட்டு, முகம் சுளிக்காமல் உட்கார்ந்திருந்தான். அன்று மாலையே அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு, பயத்தில் உடம்பை விட்டுச் சிதறிப்போன என் முப்பத்திரண்டு உயிர்களையும் திரும்ப அழைத்து மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டினார்கள். முதல் நூலைக் கட்டியதும் அவன்தான். அந்தச் சமயம் பார்த்து தாலாவன் வாயைத் திறந்தாள்.

"அப்பா, வெயில் முன்பக்கந்தான் விழுது, துணி அங்கதான் காயும். உங்களுக்கு ஆகாதுன்னா சொல்லிடுங்க. பாலத்துக்கிட்ட வாடகைக்கு ஒரு வீடு பாத்து வச்சிருக்கோம். மாசக் கடைசில போயிடறோம்."

நான் என்ன செய்வேன் அக்கா? பாவாடை வழக்கத்தைக் காப்பாற்றினால் மகளும் மருமகனும் பெற்றவர்களோடு இருக்கும் வழக்கம் போய்விடும். இதைப் பிடித்தால் அது நழுவுகிறது. வெளியே சொல்லாதீர்கள், அந்தப் பையனை எனக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. அவன் போய்விட்டால் காலையில் கெட்டிக் காப்பி போட்டு, "மாமா, மாத்திரை" என்று யார் நீட்டுவார்கள்? இந்த வீட்டில் சன்பெங்கும் நானும் மட்டும் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே பயமாக இருக்கிறது. ஆகவே நீங்கள்தான் கொடியை உடனே அவிழ்க்கச் சொல்லி அவனுக்குக் கண்டிப்பான ஒரு கடிதம் எழுத வேண்டும். உங்கள் பேச்சைத் தட்டுகிறவர் நம் வம்சத்தில் இன்னும் பிறக்கவில்லை. நான் சொல்லி எழுதியதாக மட்டும் எழுதிவிடாதீர்கள்.

உங்கள் முப்பத்திரண்டு உயிர்களும் எங்கும் அலையாமல் உங்களிடமே தங்கியிருக்க, அத்தானின் மூட்டு வலி ஆற்றோடு போக, தினமும் வேண்டிக்கொள்ளும்,
உங்கள் தம்பி,
வன்தொங்.

பின்குறிப்பு: கால் வலியால் இதைத் தபாலில் சேர்க்க ஒரு வாரம் தாமதமாகிவிட்டது. அக்கா, அனுசித்துக்கு எதுவும் எழுதிவிட வேண்டாம். சனிக்கிழமை கோயில் திருவிழாவில் பெத்தாங் ஆட்டம். கட்டுப் போட்ட காலோடு நான் போனதும், "ஒத்தக் காலோட வந்திருக்கியா?" என்று புன்தாவி சிரித்தான். பதின்மூன்றுக்கு நாலு என்று அவனைத் தோற்கடித்தேன்! பதினோரு வருடத்தில் முதல் தடவை! அன்று காலை வாசலைத் தாண்டும்போது ஆறு பாவாடையும் என் தலைக்கு மேலேதான் இருந்தன. வீட்டுக்கு வந்ததும் தாலாவனிடம், "வாடகை வீடெல்லாம் வேணாம், இருங்க. துணிய இனி நானே காயப்போடறேன்" என்று சொல்லிவிட்டேன். அனுசித் காப்பி போடப் போனவன் வெகுநேரம் அடுப்படியிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றானாம், சன்பெங் சொன்னாள். இப்போது ஒரே ஒரு கவலைதான். நேற்றிலிருந்து புன்தாவி வீட்டு வாசலிலும் ஆறு பாவாடை தொங்குகிறது. புத்தாண்டுக்கு இங்கே வரும்போது, அன்று எனக்கு அறை வாங்கித் தந்த அந்தப் பச்சைப் பாவாடை இன்னும் உங்கள் பெட்டியில் இருந்தால், தயவுசெய்து மறக்காமல் எடுத்துவாருங்கள்.