டைரக்டர் தேடிய துரோகி

உதை வாங்கிய சந்தோஷத்தில் பொலிஸ் ஜீப்பில் ஏறிய மனிதர் கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒருவர்தான் இருந்திருக்கிறார். பகலில் துறைமுகத்தில் கிளார்க். எங்கள் ஒழுங்கைச் சனத்துக்கெல்லாம் அவர் ‘டைரக்டர்’. மனைவிகூட அப்படித்தான் கூப்பிடுவார், தொனி மட்டும் வேறு.

நண்பனைக் காட்டிக்கொடுப்பவனின் கதையை அவர் படமாக எடுத்தார். கல்யாண வீடுகளில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்த நான்தான் கமராமேன். நகைக்கடையில் திருடும் நாயகன் அவரே. துரோகி, அவரோடு கூடப் படித்த தையல்காரர் சில்வெஸ்டர். பொலிஸ் கேட்கும்போது “இவரை எனக்குத் தெரியாது” என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான் வசனம். அதையும் சிரித்துக்கொண்டே சொல்வார்.

“முகத்தில துரோகத்தைக் காணேல்லையே.”

“நான் என்ன செய்ய? உன்னைப் பார்த்தாச் சிரிப்பு வருகுதடா.”

திருட்டுக் காட்சி இயல்பாக வரவேண்டுமென்று கடை முதலாளிக்கு மட்டும் விஷயத்தைச் சொன்னார். நான் எதிர்மாடி ஜன்னலில். என்ன நடந்தாலும் கமராவை நிறுத்தக்கூடாது என்பது உத்தரவு. முகத்தில் கைலேஞ்சியைக் கட்டிக்கொண்டு பையோடு ஓடிவந்தார். தெரு மிக இயல்பாக நடந்துகொண்டது. மரக்கறிக்காரர் காலைத் தட்டினார். பூசைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு அம்மா தன் பங்கைக் குடையால் செய்தார். எங்கிருந்தோ வந்த கான்ஸ்டபிள் லேஞ்சியை இழுத்துவிட்டு, தன் தையல்கடை வாசலில் வெளிறிப்போய் நின்ற சில்வெஸ்டரிடம், இவனைத் தெரியுமா என்று சிங்களத்தில் கேட்டார்.

“தன்னே நே, சேர்.” தெரியாது என்று சிங்களத்திலேயே சொன்னார் சில்வெஸ்டர். சிரிக்கவில்லை.

வீங்கிய உதட்டோடு டைரக்டர் மாடியைப் பார்த்தார். “தம்பி, அந்த முகம் கமராவில விழுந்ததோ?”

“விழுந்தது அண்ணை.”

“அப்ப சரி,” என்று தானாகவே ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

முதலாளி போய் விளக்கிய பிறகு விட்டார்கள். படம் கோயில் மண்டபத்தில் ஓடியது. சில்வெஸ்டரின் முகத்தைப் பார்த்து ஒழுங்கையே கண்ணைத் துடைத்தது. வினை பிறகுதான் வந்தது. அது நடிப்பில்லை என்ற கதை பரவ, பெண்கள் அவரிடம் சட்டை தைக்கக் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். மெஷின் சும்மா கிடந்தது. கடையைப் பூட்டிவிட்டு வத்தளைக்குப் போகப்போவதாகச் சொன்னார் சில்வெஸ்டர்.

டைரக்டர் அன்று பின்னேரமே வீட்டுக் கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய் அந்தக் கடை வாசலில் போட்டு உட்கார்ந்தார். துறைமுக வேலை முடிந்தால் அங்கேதான்; பிளேன்டீயும் பட்டன் தைப்பதும்.

“இவர் உங்களைத் தெரியாதெண்டவரெல்லோ?” ஒரு அக்கா நேராகவே கேட்டார்.

“ஓம், பயத்தில சொன்னவர். நானெண்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பன். சட்டைத்துணி கொண்டுவந்தனீங்களோ?”

துணிகள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தன. தையல் வேலை கூடியபோதும் டைரக்டர் கதிரையை எடுக்கவில்லை. இரண்டு பேரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு இருப்பார்கள். தைக்க ஒன்றும் இல்லாத நாட்களிலும் நான் அந்த வழியால்தான் வீட்டுக்குப் போனேன்.