வியட்நாம்ல நாங்க வாத்து மேய்ச்ச லட்சணம்

அன்னைக்கு எங்களுக்குக் குடுத்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். வாத்துக்கு பெயிண்ட் அடிக்கணும்.

எங்களுக்குன்னா, எனக்கும் என் ஃப்ரெண்டு யாஸ்மினுக்கும். ரெண்டு பேருக்கும் ஊரு மரக்காணம், பாண்டிச்சேரில ஒரே ஆபீஸ். பதினஞ்சு நாள் லீவு போட்டுட்டு, முதுகுல ஆளுக்கொரு மூட்டைய மாட்டிக்கிட்டு வியட்நாம் கிளம்பிட்டோம். கிராமத்துல ஒரு பண்ணையில தங்கறதா ஏற்பாடு. வாடகை கிடையாது, சாப்பாடும் ஃப்ரீ. பதிலுக்கு தினம் நாலு மணி நேரம் வேலை செய்யணும்.

"விவசாய அனுபவம் உண்டா?"ன்னு அதுக்கான விண்ணப்பத்துல ஒரு கேள்வி இருந்துச்சு. எங்கப்பா உப்பளம் வெச்சிருக்காரு. யாஸ்மினோட அத்தாவுக்கு பஜார்ல பாத்திரக்கடை. யோசிக்கவே இல்லையே! "பரம்பரை விவசாயிகள்"னு போட்டுட்டோம்.

எங்க ஊருக்குப் பக்கத்துல இருக்கற பெருமுக்கல் மலை ஏறறதுக்கே மூணு எடத்துல உக்காந்து ஜூஸ் குடிச்சவ யாஸ்மின். அவ பரம்பரை விவசாயி!

பண்ணைக்காரங்க பேரு லான். நாப்பது வயசு இருக்கும். நாங்க லான் அக்கான்னு கூப்பிடுவோம். அவங்களுக்கு இங்கிலீஷ் வராது, எங்களுக்கு வியட்நாமீஸ் வராது. போன்ல மொழிபெயர்க்கிற ஆப்தான் நடுவுல. அது பேசற தமிழ் இருக்கே, அப்படியே பள்ளிக்கூடத்து ப்ரேயர்தான்.

"புதிய வாத்துகளின் முதுகில் நீல நிறம் இடுக. பிறகு வயலுக்கு அழைத்துச் செல்க"ன்னு போன் சொல்லுச்சு.

காரணம் இருக்கு. பக்கத்து வயல்காரரும் வாத்து வெச்சிருக்காரு. அவரு வாத்துக்கு செவப்பு, லான் அக்கா வாத்துக்கு நீலம். வாய்க்கால் தகராறுல ரெண்டு பேருக்கும் மூணு வருஷமா பேச்சுவார்த்தை கிடையாது.

வேலைய ஆரம்பிச்சோம். ஒரு வாத்தப் பிடிக்க பத்து நிமிஷம். பிடிச்சா அது என் மூஞ்சிலயே றெக்கையை அடிக்குது. அரை மணி நேரத்துல வாத்தவிட என் மேல நீலம் ஜாஸ்தி.

யாஸ்மின் பிரஷ்ஷ கீழ வெச்சா. "ஏய் கலை, மீதிய சாயந்திரம் அடிச்சுக்கலாம்டி. வாத்து எங்க போயிடப் போவுது?"

"அதானே"ன்னு நானும் சொன்னேன் பாருங்க!

அப்படியே வயலுக்கு ஓட்டிட்டுப் போனோம். திண்டிவனம் பஸ்ல போறப்ப, அறுப்பு முடிஞ்ச வயல்ல வாத்து மேய்க்கிறவங்கள ஜன்னல் வழியா நிறைய பாத்திருக்கேன். நீளமா ஒரு குச்சிய வெச்சுக்கிட்டு சும்மா நிப்பாங்க. சும்மா நிக்கறது நமக்கு வராதா என்ன?

பத்து நிமிஷம் ஒழுங்காத்தான் நின்னோம். அப்புறம் யாஸ்மின் போன எடுத்தா. "வாத்து நடுவுல மெதுவா நடந்து வா. சிரிச்சுக்கிட்டே வா. ரீல் சூப்பரா இருக்கும்."

நடந்தேன். சிரிச்சேன். வழுக்குச்சு. குச்சியோட சேத்துல மல்லாந்து விழுந்தேன். மொத்த வாத்தும் அலறி அடிச்சுக்கிட்டு வரப்பு தாண்டி அந்தாளு வயலுக்குள்ள பூந்துடுச்சு. அங்க அவரு வாத்து மேஞ்சுக்கிட்டு இருக்குது. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள எல்லாம் ஒண்ணாயிடுச்சு!

அந்த நேரம் பாத்து எங்கம்மா வீடியோ கால்! கையெல்லாம் சேறு. கட் பண்றேன்னு நெனச்சு எடுத்துத் தொலைச்சிட்டேன்.

"என்னாடி இது கோலம்?"

"அம்மா, அப்புறம் பேசறேன், வாத்து கலந்துடுச்சு!"

"உப்பளத்துக்குப் போயி அப்பாவுக்கு சோறு குடுத்துட்டு வாடின்னா, வெயில்ல கறுத்துடுவேன்னு சொல்லுவ. ப்ளேன் ஏறிப் போயி எவன் வயல்லயோ நிக்கிறியா? ஏங்க, இங்க வாங்க! உங்க பொண்ணு வாத்து மேய்க்கிறா!"

அப்பா எட்டிப் பாத்தாரு. "சம்பளம் எவ்ளோம்மா?"

"சம்பளம் இல்லப்பா. சாப்பாடு ஃப்ரீ."

"அத நான் இங்கயே போட்டுக்கிட்டுதானேம்மா இருந்தேன்"னு சொல்லிட்டு அப்பா போன வெச்சிட்டாரு.

அதுக்குள்ள பக்கத்து வயல்காரர் ஓடி வர்றாரு. அம்பது வயசு ஆளு, அரை டிராயரு, கையில மண்வெட்டி. கத்தற கத்துல காது அடைக்குது. யாஸ்மின் மெதுவா போன நீட்டினா. போன் நிதானமா சொல்லுச்சு: "உங்கள் மூளை எந்த நாட்டில் உள்ளது?"

"யா அல்லா, கரெக்டா கேக்கறாருடி"ன்னா யாஸ்மின்.

சத்தம் கேட்டு லான் அக்காவும் வந்தாங்க. செவப்பு வாத்து அந்தப் பக்கம், நீல வாத்து இந்தப் பக்கம்னு பிரிச்சாச்சு. நடுவுல ஒரு பெரிய கும்பல், முதுகுல ஒரு பொட்டு நிறம் இல்லாம எங்களையே பாத்துக்கிட்டு நிக்குது. நாங்க சாயந்திரத்துக்கு மிச்சம் வெச்ச கும்பல்.

அந்தாளு அதுல பாதி தன்னுதுங்கறாரு. அவரும் போன வாரம் புது வாத்து வாங்கினாராம், இன்னும் செவப்பு அடிக்கலையாம். எல்லாம் என்னுதுங்கறாங்க அக்கா. எண்ணிப் பாக்கலாம்னா, கொஞ்சம் வாத்து வாய்க்கால்ல எறங்கி எங்கயோ போயிடுச்சு. கணக்கும் நிக்கல.

அது வரைக்கும் எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்புதான். அக்கா மொகத்தப் பாத்ததும் அது நின்னுடுச்சு. முட்டை போடற வாத்துங்க. அவங்களுக்கு அதான் பொழப்பு. எனக்கு அது முப்பது செகண்ட் ரீல்.

அக்கா எங்களைப் பாத்தாங்க. அப்புறம் அந்தாளுகிட்ட திரும்பி, எங்களைக் கைகாட்டி என்னமோ சொன்னாங்க. மூணு வருஷத்துல மொத தடவையா அவருகிட்ட திட்டாம பேசினது அதுதானாம்.

போன் மொழிபெயர்த்துச்சு: "பாதி வாத்துகளை எடுத்துக்கொள். இவர்கள் இருவரையும் சேர்த்து எடுத்துக்கொள்."

அவரு எங்கள மேலேர்ந்து கீழ வரைக்கும் பாத்தாரு. என் தலையில சேறு, மூஞ்சில நீலம். யாஸ்மின் பாவம், சிரிச்சு வெச்சா.

"வாத்துகள் உன்னுடையவை"ன்னு அவரு பதில சொல்லுச்சு போன்.

அப்புறம் ரெண்டு பேரும் சிரிச்சாங்க பாருங்க! வயித்தப் புடிச்சுக்கிட்டு, எங்களைக் காட்டிக் காட்டி! வாய்க்கால்ல எறங்கி, ஓடிப்போன வாத்த எல்லாம் நாங்க தேடிப் புடிச்சோம். சாயந்திரம் வரைக்கும் ஒண்ணு விடாம பெயிண்ட் அடிச்சோம். பக்கத்து வயல்காரர் சேர் எடுத்துப் போட்டு உக்காந்து, அக்காகூட டீ குடிச்சுக்கிட்டே வேடிக்கை பாத்தாரு. நடுநடுவுல எங்களுக்கு இன்ஸ்ட்ரக்‌ஷன் வேற!

கிளம்பற அன்னைக்கு லான் அக்கா எங்களப் பத்தி ரிவ்யூ எழுதினாங்க. பஸ்ஸுல ஏறினதும் ஆசையா மொழிபெயர்த்துப் படிச்சோம்.

"நல்ல பெண்கள். நன்றாகச் சாப்பிடுவார்கள்."