காத்தாயியும் காட்டுத் தமிழ் மாநாடும்

ஒரு காட்டில் தமிழ் மாநாடு நடந்தது. எந்தக் காடு என்று கேட்டு வம்பை விலைக்கு வாங்காதீர்கள், நம்ம காடுதான்.

'நம் மொழி எவ்வளவு பழையது?' என்பதுதான் தலைப்பு. ஆமை ஒரு காலம் சொன்னது. அது போதாது என்று முதலை இன்னும் பின்னால் போனது. அடுத்துப் பேசிய குரங்கு, உலகம் தோன்றுவதற்கு முன்பே தமிழ் இருந்தது என்று அடித்துவிட்டது. கைதட்டல் அடங்கவே நேரமாகிவிட்டது.

மேடைக்குக் கீழே, "ஏனுங்க, டீ வந்துருச்சுங்களா?" என்றது எருமை. "பொறுல, வரும்" என்றது ஓணான். மைக் முன்னால் போனால் மட்டும் இரண்டுக்கும் தொண்டை மாறிவிடும். அங்கே 'தேநீர்' என்றுதான் வரும்.

அந்த நேரத்தில்தான் காத்தாயி என்கிற ஆள்காட்டிக் குருவி அலறிக்கொண்டு வந்தாள். மேற்கே புல்வெளியில் தீ. அங்கே வெறுந்தரையில் அவளுடைய முட்டைகள் கிடந்தன. தூக்கிக்கொண்டு ஓட அவளுக்குக் கையா இருக்கிறது?

"ஐயோ, நெருப்பு! புல்லெல்லாம் பத்திக்கிச்சு! எந்திரிச்சு வாங்க சாமிகளா!"

தொகுப்பாளர் நரி மைக்கைப் பொத்தியது. "ஏம்மா, இது செம்மொழி மேடை. பத்திக்கிச்சு கித்திக்கிச்சுன்னுக்கிட்டு! முறையா பேசு. முதல்ல அவை வணக்கம் சொல்லு."

காத்தாயி மைக் முன்னால் போனாள். "மாநாட்டுத் தலைவர், களிற்றுக் குலத் தோன்றல் யானையார் அவர்களே! முன்னிலை வகிக்கும் முதலையார் அவர்களே!" என்று ஆரம்பித்தாள். பதற்றத்தில் பன்றியார் பெயரை விட்டுவிட்டாள். பன்றியார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளிநடப்புச் செய்தார். அவரைக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வந்தார்கள். காத்தாயி மறுபடியும் முதலிலிருந்து வணக்கம் சொன்னாள். புகை மரத்துக்கு மேலே தெரிய ஆரம்பித்தது.

"மேற்றிசைப் புல்வெளியில் செந்தீ மூண்டது! என் செல்வங்கள் கருகும் முன்னே விரைந்து வாரீர்!"

கூட்டம் விசிலடித்தது. யானையார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அடடா, என்ன சொல்வளம்! ஒன்ஸ்மோர்!" என்று அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார். அந்தப் பொன்னாடைக்குள் காத்தாயி காணாமலே போய்விட்டாள்.

தட்டுத்தடுமாறி வெளியே வந்தவளுக்கு அழுகை வந்தது. அழுகையைவிட ஆத்திரம் அதிகமாக வந்தது. பிள்ளைகள் வேகப்போகிறார்கள், இதுகள் ஒன்ஸ்மோர் கேட்கின்றன! மைக்கில் அலகை வைத்துக் கத்தினாள்.

"போங்கடா, நீங்களும் உங்க மொழியும்! பக்கத்துக் காட்டு மொழிதான்டா மூத்தது! நம்மளது அதுக்கு நேத்துப் பொறந்த குட்டி!"

நாற்காலிகள் பறந்தன.

"துரோகி! புடிங்கடா அவளை!"

அதுவரை அசையாத கூட்டம் மொத்தமாகக் கிளம்பியது. யானை, எருமை, பன்றி, உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிக்கொண்டிருந்த கரடி உட்பட. காத்தாயி தாழப் பறந்து புல்வெளிக்குப் போனாள். முட்டைகள் கிடந்த இடத்தைச் சுற்றிப் பெரிய வட்டமாகப் பறந்தாள். கூட்டமும் வட்டமாகவே ஓடியது. விட்டேனா பார் என்று சுற்றிச் சுற்றி ஓடியதில் புல் பொடிப்பொடியாகி மண்ணோடு போயிற்று. வந்த தீக்கு அங்கே தின்ன ஒன்றும் இல்லை, அப்படியே அணைந்துபோனது.

யானையார் மூச்சிரைக்க நின்றார். கருகிய புல்லை அப்போதுதான் பார்த்தார்.

"என்னய்யா இது, இங்க தீப்பிடிச்சிருக்கு! ஏன் ஒருத்தரும் சொல்லல?"

மாநாடு அங்கேயே கூடி, காத்தாயியைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. அவளும் முட்டைகள்மேல் உட்கார்ந்தபடியே இறக்கையைத் தட்டி அதை வரவேற்றாள்.

நீதி: உயிர் போகிறது என்று அழகாகச் சொன்னால் கைதட்டுவார்கள். உன் மொழி இளையது என்று சொல்லிவிட்டு ஓடு, காடே உதவிக்கு வரும்.