பிரேக் பிடிக்காத ஞாயிற்றுக்கிழமை

கார் வாங்கிய அன்று மாலை, கூடத்தின் நடுவில் நின்றுகொண்டு வீட்டாருக்கு ஓர் அறிவிப்பு செய்தேன்.

"இந்த வீட்ல மத்ததெல்லாம் உங்க இஷ்டம். காரு மட்டும் என் இலாகா. அதுல என்ன விளக்கு எரிஞ்சாலும், என்ன சத்தம் வந்தாலும், நான் சொல்றதுதான் முடிவு."

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "சரிங்க" என்றாள். அவள் இவ்வளவு சுலபமாகச் சரி சொன்னபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

என் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். அலுவலகத்தில் தபால் பிரிவுக்கு நான் தலைவன். எனக்குக் கீழே நான்கு பேர். வீட்டில் எனக்கு மேலே மூன்று பேர். மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், பூனை. பூனையைச் சேர்த்தது விளையாட்டுக்கு இல்லை. சோபாவில் அது படுத்திருந்தால் நான் தரையில்தான் உட்காருவேன்.

மனைவிக்கு மருந்துக் கடையில் வேலை. மருந்துப் பெட்டிக்குள் எறும்பு எழுத்தில் ஒரு தாளை எட்டாக மடித்து வைத்திருப்பார்களே, உலகத்தில் அதை யாரும் படிப்பதில்லை. அவள் படிப்பாள். காரோடு கொடுத்த கையேட்டையும் இரண்டே சாயங்காலத்தில் அடிக்கோடு போட்டுப் படித்து முடித்தாள். நான் அதைத் தொடவில்லை. "கார் ஓட்டிப் பழகற விஷயம். ஒப்பிக்கிற விஷயம் இல்ல" என்று சொல்லிவிட்டேன்.

முதல் மாதத்திலேயே டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு வந்தது. கிண்ணம் மாதிரி ஒரு படம். நடுவில் ஆச்சரியக்குறி.

"என்னங்க அது?"

"இஞ்சின் கொதிக்குது. பாத்திரம் பொங்கற மாதிரி போட்டிருக்கான் பாரு."

வண்டியை ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்து, அரை மணி நேரம் ஓர் அட்டையால் இஞ்சினுக்கு விசிறினேன். என் கை ஓய்ந்த பிறகு அவள் இறங்கி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"பின்னாடி டயர்ல காத்து கம்மியா இருக்கு. அந்தப் படம் பாத்திரம் இல்லீங்க, டயரு."

"அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்" என்றேன்.

இதோடு நான் அடங்கியிருப்பேன். சகலை விடவில்லை.

சகலை என்றால் என் மனைவியின் அக்கா வீட்டுக்காரர். குடிநீர்த் துறையில் முப்பத்தைந்து வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு அவருக்குத்தான், எங்களுக்கு இல்லை. தன் வாழ்க்கையில் நடந்த சகலத்தையும் எழுத ஆரம்பித்துவிட்டார். சகலை என்ற சொல்லுக்கே எனக்கு அப்போதுதான் பொருள் விளங்கியது. மாதத்தில் ஒரு ஞாயிறு சொந்தபந்தங்களை உட்கார வைத்துக் கதவைச் சாத்திவிட்டு வாசிப்பார். போன தடவை நான்கு மணி நேரம் வாசித்தார். முடிவில் அவருக்கு முதல் பல் முளைத்திருந்தது.

"ஞாயித்துக்கிழமை அக்கா வரச் சொல்லியிருக்கா" என்றாள் மனைவி.

"எனக்கு இடுப்பு வலி."

"வெள்ளிக்கிழமையே ஞாயித்துக்கிழமை வலி தெரியுதா? மாத்திரை எடுத்துட்டு வந்திருக்கேன். ரெண்டு வேளை போடுங்க."

மருந்துக் கடைக்காரியிடம் வியாதி சொல்லித் தப்பிக்க முடியாது. மகள் பரீட்சை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டாள். எனக்குப் பரீட்சைகள் எல்லாம் முடிந்துபோய்விட்டன. யோசித்தேன். எனக்கு வியாதி வந்தால் மாத்திரை உண்டு. காருக்கு வந்தால்?

திட்டம் சின்னது, ஆனால் அழகானது. ஹேண்ட்பிரேக்கை ஒரே ஒரு பல் மேலே இழுத்தால் போதும். டாஷ்போர்டில் சிவப்பாக ஒரு விளக்கு எரியும், கூடவே டிங் டிங் என்று மணி அடிக்கும். வண்டி பாட்டுக்கு ஓடும். பாதி வழியில் இதைச் செய்வது. பிரேக் போய்விட்டது என்று அறிவிப்பது. மெதுவாக வீட்டுக்குத் திரும்புவது. பூனை எழுந்திருந்தால் சோபாவில் படுப்பது.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். சகலை வீட்டுக்கு எழுபது கிலோமீட்டர். ஓட்டும் சுகத்தில் கொஞ்சம் தாமதித்துவிட்டேன். ஒரு பெரிய பாலம் வந்தது. மனைவி ஜன்னல் பக்கம் திரும்பி ஆற்றைப் பார்த்தாள். பாலம் தாண்டியதும் இடது கையைச் சத்தமில்லாமல் கீழே விட்டு ஒரு பல் இழுத்தேன்.

டிங். டிங். டிங்.

"ஐயையோ" என்றேன். ஒத்திகை பார்த்த ஐயையோ.

"என்னங்க?"

"சிவப்பு விளக்கு. வட்டத்துக்குள்ள ஆச்சரியக்குறி. பிரேக் போச்சு."

"பிரேக் போனா எப்படிங்க நிறுத்துவீங்க?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. "எனக்கு ஒரு முறை இருக்கு" என்று சொல்லி, பிரேக்கை மிதித்து வண்டியை ஒரு மரத்தடியில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை முழுதாக இழுத்துவிட்டேன். தடயம் அழிந்தது. பிறகு வருத்தத்தோடு பெருமூச்சு விட்டேன்.

"உங்கக்கா ஏமாந்து போவாங்க. என்ன பண்றது, உயிர் முக்கியம். மெதுவா உருட்டிக்கிட்டே வீட்டுக்குத் திரும்பிடலாம்."

"பிரேக் இல்லாத வண்டி அக்கா வீட்டுக்குப் போகக் கூடாது. நம்ம வீட்டுக்கு மட்டும் போகலாமா?"

"அது... பழகின ரோடு."

"ரெண்டும் ஒரே ரோடுதாங்க." அவள் முன்கண்ணாடியின் மூலையைப் பார்த்தாள். அங்கே ஒரு சின்ன ஒட்டுத்தாள் இருந்தது. இத்தனை நாள் அதை நான் ஏதோ வரிச்சீட்டு என்று நினைத்திருந்தேன். "வழியில நின்னா கூப்பிடச் சொல்லி நம்பர் போட்டிருக்கான். கூப்பிடறேன்."

கூப்பிடட்டும் என்று விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை. யார் வரப்போகிறார்கள்? வந்து சேர சாயங்காலம் ஆகும். அதற்குள் சகலை இரண்டு பல் முளைத்து, தவழ்ந்து, நடந்து, முடித்துவிடுவார்.

அவள் மரத்தடியில் நின்று பேசினாள். "ஆமாங்க, சிவப்பு. பிரேக்குங்கறார். இல்லைங்க, அவருக்கு இந்தப் படமெல்லாம் அத்துப்படி. பாலம் தாண்டி ஒரு கிலோமீட்டர். சரிங்க. சரிங்க." போனை வைத்தாள்.

"எவ்வளவு நேரமாகுமாம்?"

"இருபது நிமிஷம்."

பதினெட்டில் வந்துவிட்டார்கள். பெரிய இழுவை வண்டி. அதிலிருந்து ஐம்பது வயசு மெக்கானிக் ஒருவர் இறங்கினார். பேசுவதற்குக் காசு கேட்பார்களோ என்கிற மாதிரி அளந்து பேசும் மனிதர்.

"ஹேண்ட்பிரேக் சரியா இறங்கியிருந்துச்சா சார்?"

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த கடைசி வாய்ப்பு அது. அசடு வழிந்து, "அடடா, அதுதானா" என்று சொல்லியிருந்தால் தீர்ந்தது. சொல்லவும் வாயைத் திறந்தேன்.

"இலாகாவே அவரோடதுங்க" என்றாள் மனைவி, மிகுந்த மரியாதையோடு. "ஹேண்ட்பிரேக் கூடப் பார்க்காம இருப்பாரா?"

திறந்த வாயால் "அதெல்லாம் பார்த்தாச்சு" என்றேன்.

அவர் உள்ளே உட்கார்ந்து, சாவியைத் திருகி, ஹேண்ட்பிரேக்கை இறக்கினார். விளக்கு அணைந்தது. மணி நின்றது. என்னைப் பார்த்தார்.

"அணைஞ்சிருச்சே சார்."

"அதுதாங்க இதுல ஆபத்து. வரும், போகும்."

"வரும் போகும்னா இன்னும் மோசம்" என்றாள் மனைவி. "நீங்க எடுத்துட்டுப் போயே பார்த்துடுங்க. எங்க கையெழுத்துப் போடணும்? கொடுங்க, நான் எழுதறேன். அவர் பாவம், பதட்டத்துல இருக்கார்."

ஒரு குறையும் இல்லாத என் காரைச் சங்கிலி போட்டு மேலே ஏற்றினார்கள். நான் இழுத்தது ஒரே ஒரு பல். அவர்கள் இழுத்தது வண்டி முழுவதையும். என் இலாகா பின்பக்கமாகத் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டே போனது.

ஆனாலும் மனசு லேசாகத்தான் இருந்தது. காரே இல்லை. இனி எப்படிப் போவது?

"நாமளும் ஏதாவது ஆட்டோ பிடிச்சு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்" என்றேன்.

"எதுக்குங்க ஆட்டோ? டாக்சி வருது. அவங்களே அனுப்பறாங்க, இலவசம்."

"அட, வீட்டுக்கே கொண்டு விடுவாங்களா?"

"கிளம்பின இடம், போற இடம், இதுல எது பக்கமோ அங்க விடுவாங்க."

டாக்சி வந்தது. குளுகுளு என்று இருந்தது. ஓட்டுநர் கணக்குப் பார்த்துச் சொன்னார், "நீங்க கிளம்பின இடம் இங்கிருந்து நாப்பத்திரண்டு கிலோமீட்டர். போற இடம் இருபத்தெட்டு."

டாக்சி சகலை வீட்டுப் பக்கம் திரும்பியது. கொஞ்ச தூரம் போனதும் மனைவி, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"பாலத்துக்கு ரொம்ப முன்னாடியே இழுத்திருக்கணும் நீங்க. முப்பதாவது கிலோமீட்டர்ல இழுத்திருந்தா, நம்மளை வீட்ல கொண்டு போய் விட்டிருப்பாங்க."

"உனக்குத் தெரியுமா?"

"பக்கத்துல உட்கார்ந்திருக்கேன். கை கீழ போனா தெரியாதா?"

"அப்புறம் ஏன் வண்டியைத் தூக்க விட்ட?"

"நீங்க சொல்றதுதான் முடிவுன்னு சொன்னீங்களே. பிரேக் போச்சுன்னு முடிவு பண்ணீங்க. நான் எப்படிங்க மறுத்துப் பேசறது?" ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. "எது பக்கமோ அங்க விடுவாங்கங்கற கணக்கெல்லாம் கையேட்டுல கடைசிப் பக்கத்துல இருக்கு. படிச்சிருக்கலாம்."

பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது சகலை வீட்டு வாசலில் இறங்கினோம். நாங்களே ஓட்டி வந்திருந்தால்கூட பதினொரு மணி வாசிப்புக்கு இவ்வளவு சரியாக வந்திருக்க மாட்டோம். டாக்சியிலிருந்தே மனைவி அக்காவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொல்லியிருந்தாள். சகலை வாசலுக்கே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"வண்டி நின்னு போயும் டாக்சி வச்சு வந்திருக்கீங்களே தம்பி. மத்தவங்க எல்லாரும் ஏதேதோ சாக்குச் சொல்லிட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் ஆள்."

கூடத்தில் இருபது நாற்காலி போட்டிருந்தார். நான் ஒன்றில் உட்கார்ந்தேன். பத்தொன்பது காலியாக இருந்தன. அவர் கண் கலங்கியதைப் பார்த்த பிறகு எழுந்து போகவும் மனசு வரவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

மத்தியானம் இரண்டு மணிக்கு வாசலில் ஹாரன் சத்தம். என் கார். மெக்கானிக் சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டு, "குறை ஒண்ணுமில்லைங்க" என்று இரண்டே வார்த்தையில் முடித்துக்கொண்டு போய்விட்டார். நான் பாதி எழுந்தேன்.

"நீங்க உட்காருங்க" என்றாள் மனைவி. "அத்தான் இப்பத்தான் பள்ளிக்கூடம் சேர்ந்திருக்கார். நடுவுல எழுந்தா நல்லா இருக்காது. நானும் அக்காவும் கடற்கரை வரைக்கும் போயிட்டு வந்துடறோம்."

ஓட்டுநர் உரிமம் அவளுக்கும் உண்டு. இலாகா என்னுடையது என்பதால் இதுவரை அவள் ஸ்டியரிங் பக்கம் உட்காரவில்லை. இப்போது உட்கார்ந்தாள். அக்கா பக்கத்தில். வண்டி ஒரு டிங் கூட இல்லாமல் தெருமுனை திரும்பி மறைந்தது. சகலை மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

அப்போது என் போன் அடித்தது. தண்ணீரில் போகிறவனுக்குக் கட்டை கிடைத்த மாதிரி எடுத்தேன். இனிமையான பெண் குரல்.

"சாலை உதவி மையத்திலிருந்து பேசறேன் சார். மேடம் போனை எடுக்கலை, அதான் மாற்று எண்ணுக்குக் கூப்பிட்டேன். எங்க சேவை எப்படி இருந்துச்சுன்னு கேட்கலாம்னு."

"எழுதிக்கம்மா" என்றேன், குரலைத் தாழ்த்தி. "எனக்கு ஒரு புகார் இருக்கு. நீங்க இவ்வளவு சீக்கிரமா வரக் கூடாது."

கொஞ்ச நேரம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"மன்னிக்கணும் சார், வண்டி ஓட்டினவங்கதான் புகார் கொடுக்க முடியும். படிவத்துல ஓட்டினவர்னு மேடம் பேரு இருக்கு. உங்களை 'உடன் வந்தவர்'னு போட்டிருக்காங்க."