பால் சிந்தாத சாலை

பொற்குடி நாட்டின் எல்லை எது என்று கேட்டால் அங்கே யாரும் வரைபடத்தை எடுக்கமாட்டார்கள். பால் கிண்ணத்தைத்தான் எடுப்பார்கள். இப்போது ஆளும் மன்னர் அகண்டவர்மரின் கொள்ளுப்பாட்டனார் போட்ட சட்டம் அது. விளிம்பு வரை பால் ஊற்றிய வெண்கலக் கிண்ணத்தை ஏற்றிக்கொண்டு அரசத் தேர் ஓட வேண்டும். பால் சிந்தாத இடமெல்லாம் நம் நாடு, சிந்துகிற இடம் நம் நாடல்ல. சோம்பேறி அதிகாரிகள் சாலையை ஒழுங்காக வைத்துக்கொள்ளட்டும் என்றுதான் பாவம் அந்த மனிதர் இதைப் போட்டார். தனக்குக் கொள்ளுப்பேரன் பிறப்பான் என்பதை அவர் யோசிக்கவில்லை.

நாட்டின் மேற்கே கரியமேடு என்றொரு நிலம். அது தன்னுடையது என்று பொற்குடி சொன்னது. தன்னுடையது என்று பக்கத்து நெடும்பாறை நாடும் சொன்னது. அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இருநூறு குடும்பங்களை யாரும் எதுவும் கேட்கவில்லை.

அகண்டவர்மர் தலைநகரிலிருந்து நாற்பது குடும்பங்களைக் கொண்டுபோய்க் கரியமேட்டின் உச்சியில் குடியேற்றினார். அவர்களுக்கு ‘முன்னோடிக் குடிகள்’ என்று பெயர் வைத்தார்கள். முன்னோடிகள் குண்டும் குழியுமான பாதையில் போகக் கூடாது அல்லவா? சாலை அமைச்சர் மார்க்கபந்து சபையில் எழுந்து, எட்டு வண்டிகள் அருகருகே போகும் அகலத்தில் சாலை போடப்படும் என்று அறிவித்தார். நாற்பது வீட்டிலும் சேர்த்து மூன்று வண்டிகள்தான் இருந்தன. அதைச் சுட்டிக்காட்டிய எழுத்தருக்கு அன்றே வேலை போயிற்று.

தலைநகரின் தெருக்களுக்கும் சாக்கடைகளுக்கும் ஒதுக்கிய பணமெல்லாம் கரியமேட்டுக்குப் போனது. செக்கடித் தெருவில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்த குப்பண்ணனின் வண்டி ஒரே மழைக்காலத்தில் இரண்டு முறை அச்சு முறிந்தது. இருந்தாலும் குப்பண்ணன் முணுமுணுக்கவில்லை. சாலைக்கு மணல் வேண்டும் என்று தண்டோரா போட்டபோது, ஊர் ஓடையிலிருந்து மணல் அள்ளிப் போகத் தன் வண்டியை இலவசமாகக் கொடுத்தான். நாடு பெரிதானால் நமக்கும் பெருமைதானே என்று எல்லோரிடமும் சொன்னான்.

சாலை அருமையாக வந்தது. பொய் சொல்லக் கூடாது, அப்படி ஒரு சாலையை நான் பார்த்ததில்லை. அது சடைச்சி என்கிற ஆட்டுக்காரியின் குடிசைக்கும் அவள் குடும்பத்துக் கிணற்றுக்கும் நடுவில் போனது. ஆட்டுக் குளம்பு பட்டால் சாலை தேயும் என்று முதல் ஆணை வந்தது. பூர்வ குடிகள் சாலையில் கால் வைக்கக் கூடாது. குறுக்கே போக வேண்டுமானால் சீட்டு வாங்கலாம் என்று இரண்டாவது ஆணை வந்தது. சீட்டு தரும் அலுவலகம் மேட்டு உச்சியில் இருந்தது. அங்கே போக அந்தச் சாலை ஒன்றுதான் வழி.

அமைச்சர் பார்வையிட வந்த அன்று சடைச்சி ஓரமாக நின்று கும்பிட்டாள்.

“சாமி, ரோடு ஒங்களுது, நான் இல்லேங்கல. கெணறு எங்க பாட்டன் வெட்டுனது. ஓடைவழியா சுத்திப்போயி ஒரு கொடம் எடுத்தாறதுக்குள்ள பொழுது உச்சிக்கு வந்துருது. குறுக்க பத்து எட்டு வச்சாப் போதும், சாமி.”

“அம்மணி, அந்தப் பத்து எட்டும் நம் நாட்டின் பெருமை. பெருமையின் மீது ஆடு நடக்கலாமா?” என்றார் மார்க்கபந்து. மனுவைக் கனிவோடு பரிசீலித்து, அவளுடைய பாதுகாப்புக்காகச் சாலையின் இரு பக்கமும் ஆள் உயரச் சுவர் எழுப்பச் சொன்னார்.

பிறகு பால் சோதனை நாள் வந்தது. கிண்ணத்தை அந்த மண்ணைச் சேர்ந்தவர்தான் ஏந்த வேண்டும் என்பது சட்டம். சடைச்சியைத் தேரில் மன்னருக்குப் பக்கத்தில் ஏற்றினார்கள். பாலும் அவள் ஆட்டுப் பால்தான். சிந்தாவிட்டால் நிலம் மன்னருக்கு, கிணறு முன்னோடிகளுக்கு. அவள் கை நடுங்கக் கூடாது என்று இரண்டு வீரர்கள் அவளுடைய முழங்கைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். நடுநிலைக்கு எந்தக் குறையும் வரவில்லை. பால் ஒரு சொட்டும் சிந்தவில்லை. பின்னால் குதிரையில் வந்த நெடும்பாறைத் தூதரும் அதை ஒப்புக்கொண்டார். சடைச்சி வாய்விட்டு அழுதாள்.

மன்னருக்குத் தலைகால் புரியவில்லை. இந்தக் காட்சியை மக்கள் பார்க்க வேண்டும், தேரை இப்படியே அரண்மனைக்கு விடுங்கள் என்றார். அங்கேதான் பிசகியது. செக்கடித் தெருவின் முதல் பள்ளத்தில் பாதிப் பால் மன்னர் மடியில் விழுந்தது. இரண்டாவது பள்ளத்தில் மீதியும் போயிற்று. அரண்மனை வாசலில் கிண்ணமே உருண்டது. தூதர் இறங்கி அதை எடுத்து, பணிவாக மன்னர் கையில் கொடுத்தார்.

மூன்று நாள் மந்திராலோசனை நடந்தது. சட்டத்தை மாற்றினால் கரியமேடு போய்விடும். மாற்றாவிட்டால் தலைநகர் போய்விடும். கடைசியில் மார்க்கபந்துதான் வழி கண்டுபிடித்தார்.

“மன்னா, தலைநகரைத் தகராறு நிலமாக அறிவித்துவிடுவோம். தகராறு நிலத்துக்குச் சாலை போடத்தான் கருவூலத்தில் பணம் இருக்கிறது. அனுபவமும் இருக்கிறது.”

அப்படியே ஆனது. மன்னரும் அமைச்சர்களும் முன்னோடிக் குடிகளாக அரண்மனையில் முறைப்படி குடியேறினார்கள். ஊர் திருவிழா கொண்டாடியது. இனி நமக்கும் சாலை வரும் என்று குப்பண்ணன் தெருவெல்லாம் வெல்லம் கொடுத்தான். நான்கே மாதத்தில் செக்கடித் தெருவில் எட்டு வண்டி அகலத்துக்குச் சாலை வந்தது. அடுத்த வாரம் இரு பக்கமும் சுவர் வந்தது. பூர்வ குடிகள் கால் வைக்கக் கூடாது என்ற பலகையும் வந்தது. பழைய ஆணையேதான்; ஊர்ப் பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். குப்பண்ணனின் வீடு இந்தப் பக்கம், தெருக் கிணறு அந்தப் பக்கம். சீட்டு அரண்மனையில் கிடைக்கும் என்றார்கள்.

சடைச்சி அதுவரை தலைநகரைவிட்டுப் போயிருக்கவில்லை. தேரில் வந்த சாலை வழியாகத் திரும்பி நடக்க அவளுக்கு அனுமதி இல்லை என்று கோட்டை வாசலிலேயே நிறுத்திவைத்திருந்தார்கள். குப்பண்ணன் காலிக் குடத்தோடு அவளைத் தேடிப் போனான்.

“ஏன் ஆத்தா, ஒங்க ஊர்ல செவுரு வந்தப்பறம் கெணத்துக்கு எப்படிப் போனீங்க?”

“ஓடைக்குள்ள எறங்கிச் சுத்திப்போவோம். இங்க ஓடை இருக்குல்லப்பா?”

குப்பண்ணன் காலிக் குடத்தைக் கீழே வைத்தான். ஊர் ஓடை இருந்த இடத்தில் மூன்று ஆள் ஆழத்துக்குப் பள்ளம் கிடந்தது. அதன் மணலில் பாதி அவன் வண்டியில்தான் கரியமேட்டுக்குப் போயிருந்தது.