சுவரில் இல்லாத ரெண்டு சாமி

அன்னைக்கு எனக்கு இருந்த வேலை இவ்வளவுதான்: பள்ளிக்கூடச் சுவரில இருந்த ரெண்டு சாமி படத்தையும் கழட்டி வைக்கணும்.

குன்னத்துகால் பக்கம் ஒரு சர்க்கார் பள்ளிக்கூடம். லீவுல போன பியூணுக்குப் பதிலா நான்.

"சர்க்கார் ஸ்கூள்ல சாமி படம் எதுக்கு?"ண்ணு யாரோ மேலிடத்துக்குப் புகார் சொல்லியாச்சு. மறுநாள் கல்வி ஆபீசர் வாறாரு.

ஹெட்மிஸ்ட்ரஸ் டீச்சர் சொன்னாவ: "மக்கா, சாமியோட அடையாளமே இருக்கக்கூடாது. இருந்தா ஒனக்கு இங்க வேலை இல்ல, கேட்டியா?"

கழட்டினேன். போச்சு!

பிள்ளையளுக்கு மத்தியானக் கஞ்சி வைக்கிற புகை வருசக்கணக்கா அடிச்சு சுவரு கறுத்துக் கிடக்கு. சரஸ்வதி இருந்த எடம் சதுரமா வெள்ளை. ஏசு இருந்த எடம் மேல வளைஞ்ச வெள்ளை. முந்தி படம் இருந்தது உள்ள வந்தாத்தான் தெரியும். இப்ப ரோட்டுல இருந்தே தெரியுது!

பி.டி.ஏ.க்காரங்க ரெண்டு பேரு வந்தாவ. டீக்கடை தங்கப்பன் அண்ணன் செருப்பக் கழட்டிட்டு உள்ள வந்து கும்பிட்டாரு.

"படத்தக் காட்டிலும் இதுல ஒரு களை உண்டு."

கல்ஃப்ல இருந்து லீவுக்கு வந்த ஸ்டீபன் அண்ணன் விடுவாரா? அவரும் செருப்பக் கழட்டினாரு.

"எங்க வெள்ளை கொஞ்சம் கூடுதல் வெள்ளையாக்கும்."

ஸ்டீபன் அண்ணன் பள்ளிக்கூடத்துக்குண்ணு குடுத்த கல்ஃப் க்ளாக்கு ஒண்ணு பெட்டியிலயே கிடந்துது. எடுத்துச் சதுரத்து மேல மாட்டினேன்.

"எலே! கல்ஃப் க்ளாக்க வச்சு எங்க சரஸ்வதிய மூடுதியா?"

கழட்டி வளைவுல மாட்டினேன்.

"நான் குடுத்த க்ளாக்க வச்சு எங்க ஏசுவையே மூடுதியா மக்கா?"

"அங்க ஒண்ணும் இல்லியே அண்ணா"ண்ணு சொன்னேன். எனக்குச் சத்தம் கம்மி. சொன்னது எனக்கே கேக்கல்ல.

நடுவில மாட்டினேன். கஞ்சி வைக்கிற அக்கா வந்து மூணையும் கும்பிட்டுட்டுப் போனாவ.

கடைசியில அடுப்புக்கரிய எடுத்தேன். வெள்ளைய கறுப்பாக்கினா தீந்துதே!

ரெண்டு அண்ணன்மாரும் ஒண்ணாப் பாஞ்சு கையப் பிடிச்சாவ.

"சாமி மூஞ்சிலயா கரி பூசுத?"

அந்த ஒரு விசயத்துல ரெண்டு மதமும் நல்ல ஒற்றுமை!

மறுநாள் ஆபீசர் வந்தப்ப ரெண்டு அண்ணன்மாரும் அங்க உண்டு. சுவர நெடுநேரம் பாத்தாரு.

"சாமி படம் ஒண்ணும் இல்ல சார்"ண்ணு டீச்சர்.

"அது சரி. பின்ன எதுக்கு எல்லாரும் செருப்ப வெளிய போட்டிருக்கிய?"

குனிஞ்சு பாத்தேன். அண்ணன்மாரு வெறுங்காலு. டீச்சர் வெறுங்காலு. நானும்! வேலை போச்சுண்ணு முடிவு பண்ணிட்டேன்.

ஆபீசரும் ஒருக்கா குனிஞ்சு பாத்தாரு. பொறவு ஒண்ணும் கேக்கல்ல.

வாசல்ல கிடந்த செருப்புல ஒரு ஜோடி அவருக்குள்ளதாக்கும்.