படுத்த கோடு

மேனேஜரின் கம்ப்யூட்டர் திரையில் ஒரு கோடு ஏறி, நடுவில் நீட்டிப் படுத்து, பிறகு இறங்கியிருந்தது. சலவைக்கடை வேன் டிரைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். அப்போதும் ஒன்றும் விளங்கவில்லை.

மேனேஜர் பேனாவால் படுத்த இடத்தைத் தட்டினார். "பதினோரு மணிலேர்ந்து ஒரு மணி வரைக்கும். இதுக்கு என்ன சொல்றீங்க?"

"அது சமதரை சார். இந்தப் பக்கம் மேம்பாலம் ஏறுறேன், அந்தப் பக்கம் இறங்குறேன்."

மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். இது சாலைப் படம் இல்லையாம். கீழே இருப்பது மணி, பக்கத்தில் இருப்பது கடைக்கும் வண்டிக்கும் உள்ள தூரம். மணி ஓடியும் தூரம் மாறாவிட்டால் வண்டி நிற்கிறது என்று அர்த்தம். மெக்கானிக்கிடம் கண்காணிப்புப் பெட்டி மாட்டச் சொன்ன முதல் நாளே குட்டு வெளிப்பட்டுவிட்டது என்றார். இரண்டு நாளில் கோடு எழுந்திருக்காவிட்டால் வேறு வேலை தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

பாவம், பதினெட்டு வருஷமாக அந்த வேனைத் தவிர வேறொன்றும் அறியாத மனுஷன். நர்ஸ் வேலை பார்க்கும் மனைவியிடம் போய்ப் புலம்பினார். அவளுக்கு வார்டில் கோடு பார்ப்பதுதானே பிழைப்பு.

"கோடு படுத்தா ஆள் காலி. நாளைக்கு எங்கயும் நிக்காதீங்க."

மறுநாள் அவர் நிற்கவே இல்லை. ஓட்டல் விரிப்பு மூட்டையை ஓடுகிற வேனிலிருந்தே எறிந்தார். அது சேற்றில் விழுந்தது. சாயங்காலம் ஓட்டலிலிருந்து புகார் வந்தது. கோடு மட்டும் அதே பதினொன்றிலிருந்து ஒன்றுவரை சொகுசாகப் படுத்திருந்தது.

மனைவி யோசித்தாள். "கடையைச் சுத்திச் சுத்தி வந்தீங்களா? வட்டமா போனா தூரம் மாறாதே. நேரா போயிட்டு நேரா வாங்க."

ஆமாம், அவர் சுற்றுச்சாலையில்தான் வளையவந்திருந்தார். மூன்றாம் நாள் பதினோரு மணிக்குக் கிளம்பி, ஒரு மணிநேரம் மூக்குக்கு நேரே போய், ஒரு மணிநேரம் திரும்பி வந்தார். ஒரு மூட்டைகூடப் போய்ச் சேரவில்லை. வாடிக்கையாளர்கள் போனிலேயே மேனேஜரை வறுத்தெடுத்தார்கள். கோடு இம்மியும் அசையவில்லை.

ஒருவேளை ஓட்டியதெல்லாம் கனவோ? டிரைவருக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

"எங்கதான் போய்ப் படுத்துக்கிறீங்க?"

"தெரியல சார். ஓட்டினேன்னுதான் நெனச்சேன்."

வேலை நேரத்தில் இரண்டு மணிநேரம் தூங்குகிறவனுக்கு இங்கே இடமில்லை என்று மேனேஜர் நீக்கல் கடிதத்தை இழுத்து, கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். அப்போது மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே எட்டிப்பார்த்தான்.

"சார், ஒழுங்கா வேலை செய்யுதான்னு பாக்க மூணு நாளா உங்க கார்ல மாட்டியிருந்த பெட்டியைக் கழட்டிட்டேன். இனிமே வேன்ல மாட்டிடட்டுமா?"